சுகர் இறங்கட்டும், அப்புறம் ஈறைப் பார்ப்போம் என்று காத்திருக்கலாமா?

கடிதத்தின் சுருக்கம்

காவிரி டெல்டாவிலிருந்து 53 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டோடு சேர்ந்த தையல் கடை நடத்துகிறார். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். கடந்த மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி ஓராண்டுக்கு முன் 7.8 இருந்தது, இப்போது 8.9. மாத்திரையை விடுவதில்லை, இனிப்பைத் தொடுவதில்லை, தினமும் நடக்கிறார். “பிறகு ஏன் ஏறுகிறது?” என்பது அவருடைய முதல் கேள்வி. சர்க்கரை மருத்துவர் இன்சுலின் தொடங்கலாம் என்கிறார்.

இரண்டு ஆண்டுகளாகப் பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது. வாய் நாற்றத்தால் கடைக்கு வருகிறவர்களிடம் முகம் கொடுத்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது. கீழே முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. ஈறு வீங்கும்போதெல்லாம் மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்; அடங்குகிறது, சில வாரங்களில் திரும்ப வருகிறது. ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டு, உப்பும் கரித்தூளும் விரலால் தேய்க்கிறார். சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை, சில நாள் அதோடு கொஞ்சம் புகையிலை. கடித்து மெல்ல முடியாததால் இப்போது பெரும்பாலும் இட்லி, கஞ்சி, பாலில் நனைத்த ரஸ்க்.

ஊரில் பார்த்த பல் மருத்துவர் நான்கு முறை வரச் சொல்லி ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு ஃபிளாப் சர்ஜரியும் (ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை) லேசரும் வேண்டும், எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமியார், “சுகர் உடம்பில் பல்லைத் தொடவே கூடாது” என்கிறார். அக்கா, “எல்லாத்தையும் எடுத்துட்டுப் பல் செட் போட்டுக்கோ, தொல்லை விட்டது” என்கிறார். மகள் கைபேசியில் எதையோ படித்துவிட்டு, ஈறைச் சரிசெய்தால் சுகர் இறங்கிவிடும், இன்சுலினே வேண்டாம் என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்கிறார் வாசகி.

ஈறு நோய் மருத்துவரின் பதில்

அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது நீங்கள் சாப்பிடும் உணவைப் பற்றிய அந்த ஒரு வரி. பல் ஆடுகிறவர்கள் முதலில் கைவிடுவது கொண்டைக்கடலை, நிலக்கடலை, கேரட், வெள்ளரி, கறி. அதாவது சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவுகள். அவற்றின் இடத்தில் வந்து சேர்வது கஞ்சி, மெத்தென்ற இட்லி, ரஸ்க். ரஸ்க்கும் கஞ்சியும் நாக்குக்கு இனிப்பாகத் தெரியாது. ஆனால் இரண்டும் வேகமாகச் செரித்து ரத்தத்தில் சர்க்கரையாகச் சேர்ந்துவிடும். கடைகளில் விற்கும் ரஸ்க்கில் பெரும்பாலும் மைதாவும் சர்க்கரையும்தான். நீங்கள் இனிப்பைத் தொடவில்லை என்பதை நான் முழுக்க நம்புகிறேன். இருந்தாலும் 7.8 என்பது 8.9 ஆனதில் இந்த மாற்றத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம். இதை உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? பல் வலியை அவரிடமும் சர்க்கரையைப் பல் மருத்துவரிடமும் சொல்லாமல் விடுவதுதான் நம் ஊரில் வழக்கம்.

இரண்டாவது காரணம் ஈறுக்குள்ளேயே இருக்கிறது. ஆரோக்கியமான வாயில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 1 முதல் 3 மி.மீ. ஆழத்துக்கு ஓர் இடுக்கு உண்டு. நோய் வந்தால் அது 5, 6, 7 மி.மீ. என்று இறங்கிக்கொண்டே போகும். பல் மருத்துவர்கள் இதைப் பாக்கெட் என்பார்கள். பிரஷ் எட்டாத அந்த ஆழத்தில் கிருமிப் படலமும் காரையும் வேரில் ஒட்டிக்கொள்கின்றன. உட்சுவர் புண்ணாகி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. எல்லாப் பற்களைச் சுற்றியும் உள்ள இந்தப் புண்ணைப் பிரித்து விரித்துப் போட்டால் பல சதுர சென்டிமீட்டர் வரும். அந்த அளவு ஒரு புண் காலில் சீழோடு இரண்டு ஆண்டுகள் ஆறாமல் இருந்தால் நீங்கள் சும்மா இருந்திருக்க மாட்டீர்கள். ஈறுக்குள் மறைந்திருப்பதாலும் பெரிதாக வலிக்காததாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை.

அந்தப் புண்ணை எதிர்த்து உடம்பு நடத்தும் போரில் ஐஎல்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருட்கள் உருவாகி ரத்தத்தில் கலக்கின்றன. அவை தசையிலும் ஈரலிலும் இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கின்றன. நீங்கள் அதே மாத்திரையைத்தான் சாப்பிடுகிறீர்கள், அதே நடைதான் நடக்கிறீர்கள், ஆனால் உடம்பில் இருக்கும் இன்சுலின் முன்பு செய்த அளவு வேலையைச் செய்யாது. இது ஒரு திசை. எதிர்த்திசையிலும் நடக்கிறது. சர்க்கரை கூடினால் வெள்ளை அணுக்கள் கிருமியோடு சண்டை போடுவதில் தடுமாறுகின்றன, சர்க்கரை ஒட்டிய புரதங்கள் ஈறுத் திசுவில் சேர்ந்து அழற்சியைக் கிளறிவிடுகின்றன, புண் ஆறுவதும் தாமதமாகிறது. ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர் 1993லேயே ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, ரத்தக் குழாய்கள், ஆறாத புண் ஆகியவற்றோடு சேர்த்து இதையும் எண்ணச் சொன்னார். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் ஆகியும் சர்க்கரை நோயாளிகளிடம் காலைப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம், வாயைத் திறக்கச் சொல்வதில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. இவர்களில் எத்தனை பேர் ரத்தம் வரும் ஈறை ‘வாயில் சூடு’ என்று சொல்லிக் கடந்து போகிறார்களோ என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

மூன்றாவது காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்பது ஆண்டுகள் ஆன சர்க்கரை நோயில் கணையம் சுரக்கும் இன்சுலினே மெல்லக் குறைந்திருக்கலாம். அது உங்கள் தவறால் வருவதல்ல. உங்கள் மருத்துவர் இன்சுலின் பற்றிப் பேசியது அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

சுகர் இறங்கிய பிறகுதான் பல்லைத் தொட வேண்டுமா?

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தவர்களுக்குப் பல் எடுத்து, புண் ஆறாமல் அவதிப்பட்டதை அந்தத் தலைமுறை நேரில் பார்த்திருக்கும். அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதிலிருந்து ‘தொடவே கூடாது’ என்ற முடிவுக்குப் போனதுதான் பிழை. ஈறில் தொற்று இருக்கும்வரை சர்க்கரை இறங்குவது சிரமம். சர்க்கரை இறங்கட்டும் என்று காத்திருந்தால் ஈறு இன்னும் கெடும். எது முதலில் என்று பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டும் நடக்காது, இடையில் பல் போய்விடும். இரண்டு சிகிச்சைகளையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும்.

ஆழமாகச் சுத்தம் செய்வது அறுவை சிகிச்சை அல்ல. ஈறை மரத்துப்போகச் செய்துவிட்டு, பாக்கெட்டுக்குள் கருவியை விட்டு வேரில் ஒட்டியிருக்கும் காரையையும் கிருமிப் படலத்தையும் எடுக்கிறோம். எச்பிஏ1சி 8.9 என்பது இதற்குத் தடையாகாது. அந்தந்த நாளில் சர்க்கரை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. என் வழக்கத்தைச் சொல்கிறேன்: 70க்குக் கீழே இருந்தால் முதலில் குளுக்கோஸ் கொடுத்துச் சரிசெய்யாமல் எதையும் தொடங்க மாட்டேன். 250ஐத் தாண்டியிருந்தால், அவசரமில்லாத வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அவருடைய சர்க்கரை மருத்துவரிடம் பேசுவேன். சீழ் கட்டி, முகம் வீங்கி வந்தவர்களுக்கு இந்தக் கணக்கைப் பார்க்க மாட்டோம். சர்க்கரை கூடுதலாக இருந்தாலும் அன்றே சீழை வெளியேற்ற வேண்டும், கூடவே சர்க்கரையையும் கவனிக்க வேண்டும்.

மரத்துப்போகும் ஊசியால் சர்க்கரை ஏறிவிடுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதில் கலந்திருக்கும் அட்ரினலின் மிகக் குறைவான அளவுதான். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. சரியாக மரத்துப்போகாமல் வலியோடும் பதற்றத்தோடும் உட்கார்ந்திருந்தால்தான் உடம்பு தானாகவே அதைவிட அதிகம் சுரக்கும்.

‘கிளீனிங் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும்’ என்ற பேச்சும் உங்கள் காதுக்கு வரும். ஏற்கெனவே எலும்பு கரைந்த பல்லைச் சுற்றிக் காரை கட்டியாக அடைந்து, சும்மா பிடித்துவைத்ததுபோல் இருக்கும். அதை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டம் வெளியே தெரியும், வீக்கம் வற்றியதும் பல்லுக்கு இடையே சந்து தெரியும், சில வாரங்களுக்குக் குளிர்ந்த நீர் பட்டால் கூசும். இதையெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டு போங்கள். அழற்சி அடங்கியபின் பல பற்களில் ஆட்டம் குறைவதும் உண்டு.

ஈறு சரியானால் இன்சுலின் வேண்டாமா?

உங்கள் மகள் படித்ததில் பாதி உண்மை. ஈறு சிகிச்சையால் சர்க்கரை இறங்குகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2022இல் 35 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. ஈறுக்குச் சிகிச்சை பெற்றவர்களின் எச்பிஏ1சி, பெறாதவர்களைவிட மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.43 குறைந்திருந்தது, ஓராண்டில் அந்த வித்தியாசம் சுமார் அரைப் புள்ளி. லண்டனில் 264 பேரிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. தீவிரமான ஈறு சிகிச்சையும் தொடர் பராமரிப்பும் பெற்றவர்களுக்கு ஓராண்டு முடிவில் சுமார் 0.6 புள்ளி குறைவாக இருந்தது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் 2022இல் தன் வழிகாட்டுதலை மாற்றி, ஈறு நோயைக் கவனித்தால் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்படலாம் என்பதை நோயாளிகளிடம் சொல்லச் சொன்னது.

எதிர்மாறான ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் 514 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் ஈறு சிகிச்சையால் எச்பிஏ1சி இறங்கவே இல்லை. அப்போது பலரும் அதை விமர்சித்தார்கள், அந்த விமர்சனத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. சிகிச்சை பெற்றபிறகும் அந்த நோயாளிகளின் வாயில் கிருமிப் படலமும் ரத்தக்கசிவும் கணிசமாகவே இருந்தன. ஈறே சரியாக ஆறாதபோது சர்க்கரை எப்படி இறங்கும்? நான்கு முறை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் மட்டும் போதாது, ரத்தம் வருவது நிற்க வேண்டும். எவ்வளவு பணம் செலவழித்தோம் என்பதைவிட இதுதான் முக்கியம்.

இப்போது உங்கள் எண்ணை வைத்துப் பார்ப்போம். 8.9இலிருந்து அரைப் புள்ளி போனால் 8.4. பெரும்பாலானவர்களுக்கு வைக்கும் இலக்கு 7ஐ ஒட்டியது. ஆக, ஈறு சிகிச்சை நன்றாகவே பலித்தாலும் அது மட்டும் உங்களை இலக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. அந்த அரைப் புள்ளியைச் சின்னது என்றும் நினைக்காதீர்கள். 2000இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில் எச்பிஏ1சி 1 புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ச் சிக்கல்கள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. மாத்திரை, உணவு, நடை, ஈறு என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத்தான் அந்த ஒரு புள்ளி வரும்.

எனவே ஈறு சிகிச்சையைக் காரணம் காட்டி இன்சுலினைத் தள்ளிப்போடாதீர்கள். இன்சுலின் என்றதும் ‘கடைசிக் கட்டம் வந்துவிட்டது’ என்று பலர் உடைந்துபோகிறார்கள். உங்கள் எழுத்திலும் அந்தப் பயம் தெரிகிறது. தொற்று, அறுவை சிகிச்சை போன்ற நேரங்களில் சில மாதங்களுக்கு மட்டும் இன்சுலின் போட்டுவிட்டுத் திரும்ப மாத்திரைக்கு வந்தவர்கள் உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்பதை உங்கள் சர்க்கரை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. அவரிடம் இப்படிக் கேளுங்கள்: “ஈறு சிகிச்சை தொடங்கப்போகிறேன். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பார்த்து முடிவெடுக்கலாமா, இல்லை இப்போதே தொடங்குவதுதான் நல்லதா?” அவர் இப்போதே வேண்டும் என்றால் மறுக்காதீர்கள். ஈறு ஆறுவதற்கும் அது உதவும்.

எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டால்?

அக்காவின் யோசனைக்கு நான் உடன்பட முடியவில்லை. கீழ்த்தாடைக்கு முழுப் பல் செட் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். அது நாக்கோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும், மெல்லும் பலம் சொந்தப் பல்லில் ஒரு பகுதிதான் வரும். நிலக்கடலையும் கீரைத்தண்டும் மறுபடி இலைக்கு வராமலே போய்விடும். எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேரான இம்பிளாண்ட் வைத்தாலும் அதைச் சுற்றி இதேபோன்ற எலும்புக் கரைவு வரலாம். ஈறு நோய் இருந்தவர்களுக்கும் சர்க்கரை கட்டில் இல்லாதவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். அவ்வளவு செலவு செய்து வைத்ததும் ஆட ஆரம்பித்தால் எவ்வளவு மனக்கஷ்டம்!

ஒவ்வொரு பல்லாகத்தான் தீர்மானிக்க வேண்டும். பல்லின் பாக்கெட் எவ்வளவு ஆழம், எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு மிச்சம், பல் பக்கவாட்டில் மட்டும் ஆடுகிறதா அல்லது மேலும் கீழும் அழுந்துகிறதா என்று பார்ப்போம். மேலும் கீழும் அழுந்தும் பல்லைக் காப்பாற்றுவது கடினம். பக்கவாட்டில் மட்டும் ஆடும் கீழ் முன்பற்களை, சுத்தம் செய்தபின் உட்பக்கமாகக் கம்பியோ நார்ப்பட்டையோ வைத்துப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டலாம். அந்த இரண்டு பற்களைக் காப்பாற்ற முடியாமல் போனால்கூட மற்றவற்றைக் காப்பாற்றலாம்.

28,000 ரூபாயையும் சர்ஜரியையும் பற்றி

உங்கள் பல் மருத்துவர் சொன்ன நான்கு முறை சுத்தம் செய்வது நியாயமான திட்டம். தயங்காமல் தொடங்கலாம். ஃபிளாப் சர்ஜரிக்கு இன்றே தேதி குறிப்பதைத்தான் தவிருங்கள். சுத்தம் செய்து ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து எல்லாப் பாக்கெட்டுகளையும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். பல இடங்களில் 5 மி.மீ. இருந்தது 3க்கு வந்துவிடும். 4, 5 மி.மீ.யில் நின்றால் திரும்பச் சுத்தம் செய்வோம். 6 மி.மீ.யும் அதற்கு மேலும் அடம்பிடிக்கும் இடங்களுக்கு மட்டும் சர்ஜரியைப் பற்றிப் பேசலாம். அதற்குள் உங்கள் சர்க்கரையும் இறங்கியிருந்தால் புண் நன்றாக ஆறும். லேசர் இல்லாமலும் இந்தச் சிகிச்சை முழுமையானதுதான். லேசர் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. பணம் நெருக்கடி என்றால் நான் முதலில் விடுவது அதைத்தான்.

மொத்தத் தொகையையும் முன்பணமாகக் கட்ட வேண்டாம். முதல் கட்டத்துக்கு மட்டும் எவ்வளவு என்று கேளுங்கள். எக்ஸ்ரேயின் நகலையும் பாக்கெட் அளவுகளைக் குறித்த அட்டவணையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கேட்பதும், இன்னொரு மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை. நல்ல மருத்துவர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். செலவு தாங்காது என்றால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் முதலில் காட்டுங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் இதைச் செய்கிறார்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் பொறுமையாகச் செய்வார்கள்.

அந்த அம்லோடிபின் மாத்திரை

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன விஷயம் இது. அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். பற்களுக்கு இடையில் ஈறு உருண்டையாகத் திரண்டு வரும், அதன் அடியில் சுத்தம் செய்ய முடியாது. உங்கள் வீக்கத்தில் அதன் பங்கும் இருக்கிறதா என்று பல் மருத்துவர் பார்க்கட்டும். இருந்தால் வேறு வகை ரத்த அழுத்த மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று பொது மருத்துவரிடம் கேட்கலாம். நீங்களாக ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடும் வாசகர்களுக்கும் இதையே சொல்கிறேன். பல் சிகிச்சைக்காக என்று சொல்லி அந்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்தி ஆபத்தைத் தேடிக்கொள்ளாதீர்கள்.

மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைக்கு வருகிறேன். ஆன்டிபயாடிக் கிருமிப் படலத்துக்குள் ஊடுருவி அதை அழிக்காது, காரையைக் கரைக்கவும் செய்யாது. சீழ் தற்காலிகமாக வடியும், உங்களுக்கு நோய் அடங்கியதுபோல் தோன்றும், அடியில் எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். இரண்டு ஆண்டுகளாக உங்களுக்கு நடப்பது இதுதான். கூடவே தரும் வலி மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு நல்லதல்ல. ஒன்பது ஆண்டு சர்க்கரைக்குப் பிறகு சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் உங்கள் கிரியேட்டினின் எவ்வளவு என்று தெரியாமல் அவற்றைப் போடக் கூடாது.

சிகிச்சை நாளன்று

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் சாப்பிடும் கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரை. காலை நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். வழக்கமான காலைச் சாப்பாட்டையும் மாத்திரையையும் முடித்துவிட்டுப் போங்கள். ‘பல் மருத்துவரிடம் போகிறோம், வெறும் வயிற்றோடு போவோம்’ என்று நினைத்து, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் வியர்த்து மயங்குபவர்கள் உண்டு. மரத்துப்போன வாயோடு இரண்டு மூன்று மணி நேரம் மெல்ல முடியாது. மென்றால் உதட்டையும் கன்னத்தையும் கடித்துக்கொள்வீர்கள். அதனால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகாதபடி நேரத்தைக் கணக்கிடுங்கள். பையில் குளுக்கோமீட்டரும் குளுக்கோஸ் பொடியோ நாலைந்து மிட்டாயோ இருக்கட்டும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் கூச்சப்படாமல் உடனே கையைத் தூக்குங்கள்.

அன்று இரவு கஞ்சிதான் குடிக்க வேண்டும் என்பதில்லை. மசித்த பருப்பு, முட்டை, தயிர், நன்றாக வெந்த காய், மீன் எல்லாம் மென்மையானவைதான். பழச்சாறும் பால் ரஸ்க்கும் வேண்டாம்.

இதற்கு மாறாகச் சில அறிகுறிகள் வந்தால் முன்பதிவுக்குக் காத்திருக்கக் கூடாது. முகமோ கழுத்தோ வீங்குவது, காய்ச்சல், வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வீக்கத்தோடு சர்க்கரை 300ஐத் தாண்டினாலும் அப்படித்தான். சர்க்கரை உடம்பில் தொற்று வேகமாகப் பரவும்.

வீட்டில் செய்ய வேண்டியது

ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டுத் தேய்க்கிறீர்கள். அந்த இடத்துக்குத்தான் பிரஷ் முதலில் போக வேண்டும். ரத்தம் வருவது பிரஷ் குத்துவதால் இல்லை, அங்கே சேர்ந்திருக்கும் கிருமிப் படலத்தால். மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன அசைவுகளாகத் தேய்த்தால், சிகிச்சையும் தொடங்கியபின் சில வாரங்களில் ரத்தம் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். கரித்தூளும் உப்பும் வேரைத் தேய்த்துக் கூச்சத்தை வரவழைக்கும். ஃபுளோரைடு பேஸ்ட் போதும். பல்லுக்கு இடையே சந்து விழுந்தவர்களுக்கு நூலைவிடச் சந்துப் பிரஷ் சிறந்தது. உங்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்று பல் மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். இரவு படுக்கும்முன் இந்த வேலைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நல்லெண்ணெய் கொப்பளிக்கப் பிடித்திருந்தால் கொப்பளியுங்கள், ஆனால் அது பிரஷ் செய்யும் வேலையைச் செய்யாது. பாக்கெட்டின் அடிக்கு எந்தக் கொப்பளிப்பும் போய்ச் சேராது.

புகையிலையை நிறுத்துங்கள். சில நாள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சில நாளும் வேண்டாம். ஈறு ஆறுவதைக் கெடுப்பதோடு வாய்ப் புற்றுநோய்க்கும் வழி அது. பாக்குக்கும் இந்த ஆபத்து உண்டு.

இத்தனையும் முடிந்து ஈறு ஆறியபிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புச் சுத்தம் வேண்டும். நான் அதிகம் வருத்தப்படுவது இந்த இடத்தில்தான். ரத்தம் நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைத்து வருவதை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வரும்போது மேலும் நான்கு பல் ஆடுகிறது. லண்டன் ஆய்வில் ஓராண்டுவரை பலன் நின்றதற்கு இந்தத் தொடர் பராமரிப்பும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும் அதே மாதத்தில் இதையும் வைத்துக்கொண்டால் மறக்காது.

முதல் நாள் போகும்போது உங்கள் எல்லா மாத்திரைச் சீட்டுகளையும், கடைசி எச்பிஏ1சி, கிரியேட்டினின், ஹீமோகுளோபின் அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி எண்ணே சில சமயம் தவறாகக் காட்டும், அதனால்தான் ஹீமோகுளோபினையும் சேர்த்துச் சொல்கிறேன். சுத்தம் செய்யும் வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து அடுத்த எச்பிஏ1சி பாருங்கள். அதற்கு முன்பே பார்த்தால் பழைய வாரங்களின் சர்க்கரையும் கலந்துதான் வரும். அந்த அறிக்கையையும் புதிதாக அளந்த பாக்கெட் அட்டவணையையும் இரண்டு மருத்துவர்களிடமும் காட்டுங்கள்.